மூன்றேகாலுக்கு விழுகிற லைன்

கேற் தூக்குவதுதான் றெனோல்ட்டின் வேலை. லொங்குய்ய் மெற்றோவுக்குப் பக்கத்துத் தரிப்பிடத்திலே கார் விட்ட ஒருவர் ரிக்கெற்றைத் தொலைத்துப்போட்டு, வெளியே போக வழியில்லாமல் கம்பத்திலே இருக்கிற பொத்தானை அமத்தினால், அந்த அழைப்பு ஆற்றைத் தாண்டி, மொன்றியால் முழுவதையும் தாண்டி, இல்-பிசார் தீவில் ஒரு வீட்டு பேஸ்மென்றில் குந்தியிருக்கிற றெனோல்ட்டின் காதிலே விழும். "போன்ஜூர்" என்பார். கமராவிலே ஆளின் முகத்தைப் பார்ப்பார். பொய் சொல்கிற முகமா, உண்மையிலே தொலைத்த முகமா என்று நிதானித்து, கொம்பியூட்டரிலே ஒரு கட்டத்தைத் தட்டுவார். அங்கே கேற் எழும்பும். மத்தியானம் ஒரு மணிக்கு ஹெட்செற்றை மாட்டினால் எட்டு மணி வரைக்கும் இதுதான். ஒரு நாளைக்கு எண்பது, தொண்ணூறு பேரை வெளியே விடுவார்.

ஆளின் ஊர் பேசாலை, கடற்கரை ஊர். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு அறுந்துபோனது. இருபத்து நாலு வயதிலே மொன்றியாலுக்கு வந்து, ஆறு வருசம் ஒரு சாப்பாட்டுக் கடையிலே கோப்பை கழுவினார். பிரெஞ்சு பிடிபட்டது அங்கேதான், பக்கத்திலே இறைச்சி வெட்டிய ஹெயிட்டிக்காரனிடம். பிறகு பதினெட்டு வருசம் பண்டசாலையிலே ஃபோர்க்லிஃப்ற் ஓட்டினார். ஒரு நாள் இறங்கும்போது இடுப்பிலே ஏதோ இடறியது. டொக்ரர் படத்தைப் பார்த்துவிட்டு, இனிப் பாரம் தூக்கேலாது, நெடுநேரம் ஓட்டேலாது, பஸ்ஸிலே நின்று குலுங்கவும் ஏலாது என்று ஒவ்வொன்றாய் எடுத்துப்போட்டார். சனம் குறைந்த இடம் வேண்டும் என்று தேடித் தேடி இல்-பிசாரிலே வீடு வாங்கிய மனிதர். பஸ் எப்போதாவது வருகிற அந்தத் தீவிலே, இரண்டு வருசம் யன்னலடியில் இருந்து பக்கத்து வீட்டுக்காரன் புல்லு வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது வரிசை ஒழுங்காய் வெட்டுப்படவில்லை என்று மனைவி அஞ்சலீனாவிடம் முறையிடுகிற அளவுக்கு ஆள் முற்றிப்போயிருந்தார்.

இந்த வேலையைத் தேடிப் பிடித்தது மகள் றொஷினி. நேர்முகத்துக்கு மூன்று நாள் தகப்பனை இருத்திப் பழக்கினாள்.

"அப்பா, எல்லாம் சரி. தபர்நாக் மட்டும் வாயிலை வரக்கூடாது."

"நான் எங்கை சொல்லுறன்?"

"இப்ப ரெண்டு நிமிசத்துக்கு முதல் சொன்னீங்கள்."

கோயிலிலே நற்கருணை வைக்கிற பேழையின் பெயரைச் சொல்லித் திட்டுகிற ஊர் இது. அஞ்சலீனாவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே நெஞ்சு பதறும். றெனோல்ட்டுக்கோ குசினியிலே கற்ற பிரெஞ்சிலே பாதி அதுதான். எப்படியோ வாயைக் கட்டிக்கொண்டு வேலையை எடுத்துவிட்டார்.

கொம்பனிக்காரர் கொம்பியூட்டரும் ஹெட்செற்றும் அனுப்பினார்கள். கூடவே ஒரு கட்டளை: வைஃபை கூடாது, வயர்தான். மொடெம் மேலே முன்னறையிலே. வேலை கீழே. றெனோல்ட் ஒரு சனிக்கிழமை முழுக்கக் குனிந்து நிமிர்ந்து தானே வயர் போட்டார். பார்த்தால் வயர் போன பாதை ஒருவருக்கும் தெரியாது. அதிலே அவருக்கு ஒரு பெருமை. மகளையும் மனைவியையும் கூப்பிட்டு, "கண்டுபிடியுங்கோ பாப்பம்" என்று வேறு கேட்டார். வீட்டாருக்கு அவரே போட்ட கட்டளை ஒன்று: வேலை நேரம் மேலே சத்தம் கூடாது, கதவு அடிக்கக் கூடாது, அவசரம் என்றாலும் படியிலே நின்று கூப்பிடக் கூடாது.

நாலு மாதம் ஒரு குறையும் இல்லை.

ஒக்ரோபரிலே லைன் விழத் தொடங்கியது.

முதலாம் தேதி, புதன்கிழமை. ஒரு கிழவி ஆஸ்பத்திரித் தரிப்பிடம் ஒன்றின் கேற்றடியிலே நின்று, தன் புருசன் உள்ளே படுத்திருக்கிறார், மூன்றாம் தரமாய் ரிக்கெற்றை மெசின் விழுங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்தது. கிழவியின் வாய் திறந்தபடி நின்றது. கொம்பியூட்டர் மூலையிலே "இணைப்பு இல்லை" என்று ஒரு சிவப்புப் பட்டை. றெனோல்ட் வயரை இழுத்துச் செருகினார். கொம்பியூட்டரை அணைத்துப் போட்டார். கால் மணித்தியாலம் கழித்து லைன் தானாக வந்தது, ஒன்றும் நடவாதது மாதிரி. அடுத்த புதனும் அப்படியே. அதற்கு அடுத்த புதனும்.

இன்ரநெற் கொம்பனிக்கு அடித்தார். முதலிலே ஒரு மெசின் கதைத்தது. பிறகு பாட்டு. பிறகு ஒரு பெடியன்.

"மொடெத்தைக் கழற்றி, முப்பது எண்ணி, திருப்பிச் செருகினீர்களா?"

"செருகினேன்."

"இன்னொருக்கால் செய்வோமா?"

"தம்பி, நான் இதுவரைக்கும் எண்ணின முப்பதுகளைக் கூட்டினால் உன் வயது வரும்."

பெடியன் சிரிக்கவில்லை. தங்கள் பக்கத்திலே ஒரு குறையும் தெரியவில்லை என்றான். அது வாஸ்தவம். வீட்டிலே றொஷினியின் ரெலிபோனுக்கு வைஃபை ஒரு நாளும் விழவில்லை. விழுவது இவருடைய வயர் ஒன்றுதான்.

இருபதாம் தேதிக் கிழமையிலே நிலைமை மோசமாகியது. திங்கள் விழுந்தது. செவ்வாய் விழுந்தது. புதன், வியாழன், வெள்ளி. ஒரு நாள் தவறவில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேற்பார்வைக்காரி ஜோசியான் ரெலிபோன் எடுத்தாள். நல்ல பிள்ளைதான், குரலிலே அவசரம் இராது. ஆனால் சொன்ன செய்தி கழுத்தைப் பிடித்தது. மாதத்திலே எட்டுத் தரம் லைன் விழுந்தால் பொறுப்பார்கள். இன்றைக்கு எட்டு முடிந்தது. மாதம் முடிய இன்னும் ஐந்து வேலை நாள். ஒன்பதாவது விழுந்தால் கொம்பியூட்டரைத் திருப்பி எடுக்கக் கொம்பனி ஆள் அனுப்பிவிடும், அது தன் கையிலே இல்லை.

றெனோல்ட் ஹெட்செற்றைக் கழற்றி மேசையிலே வைத்தார். யன்னலடியும் பக்கத்து வீட்டுப் புல்லும் கண்ணுக்கு முன்னாலே வந்து போயின. அந்த வயதிலே, அந்த இடுப்போடு, அந்தத் தீவிலே இருந்துகொண்டு, இன்னொரு வேலை என்பது நடக்கிற கதையில்லை. பிறகு மெதுவாய், ஒருவருக்கும் கேளாமல், அந்தப் பேழையின் பெயரைச் சொன்னார்.

சனிக்கிழமை டனிஸ்ரன் வந்தான். கோயில் பாடற்குழுவிலே கீபோர்ட் வாசிக்கிறவன், வேலை கொம்பியூட்டர் திருத்துவது. வந்தவன் மொடெத்தைப் பார்த்தான். வயரின் இரண்டு நுனியையும் வெட்டிப் புதிதாய்ப் பூட்டினான். சின்னப் பெட்டி ஒன்றை இந்த நுனியிலும் அந்த நுனியிலும் கொழுவி அமத்தினான். வயருக்குள்ளே ஓடுகிற எட்டு நரம்புக்கு எட்டு விளக்கு. எட்டும் வரிசையாய் எரிந்தன.

"சோதனைக்கு நல்லாத்தான் கிடக்கு அண்ணை. எண்டாலும் இது தட்டை வயர். மெல்லிசு. நான் எண்டால் மாத்திப்போடுவன்."

"வயருக்கு என்ன? எட்டும் எரியுதெண்டு நீதானே சொன்னனி."

"எரியுது. ஆனால் விழுகுதே."

"இஞ்சை பார், நான் போட்ட வயர் அது. பதினெட்டு வருசம் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டினவனுக்கு ஒரு வயர் போடத் தெரியாதெண்டு சொல்லுறியோ?"

"ஃபோர்க்லிஃப்ற்றுக்கும் இதுக்கும்..." என்று டனிஸ்ரன் தொடங்கி, ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டான். சுவரிலே தொங்கிய கோயில் கலண்டரிலே றெனோல்ட் சிவப்புப் பேனையால் குறித்து வைத்ததை வாசித்தான். "மூண்டு பன்னிரண்டு. மூண்டு பதினாலு. மூண்டு பதினைஞ்சு. எல்லாம் மூண்டேகால் அண்டைதான் அண்ணை. அந்த நேரம் உங்கட வீட்டிலை என்ன நடக்குது?"

"ஒரு மண்ணும் நடக்கேல்லை. நான் கீழை. பிள்ளை படிக்கப் போயிடுவாள். மனுசி வேலையாலை வந்து மேலை படுத்திருப்பாள்."

டனிஸ்ரன் போகும்போது ஒரு சுருள் நீல வயரை, உருண்டையானது, முப்பது மீற்றர், ஆழ்குளிர்ப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டுப் போனான். "கிடக்கட்டும்" என்றான். றெனோல்ட் அதைத் தொடவில்லை.

அந்த இரவும் ஞாயிற்றுக்கிழமையும் மூன்றேகாலைப் பற்றி யோசித்தே கழிந்தன. பக்கத்து வீட்டானின் நீச்சல் தொட்டி மோட்டரோ? அது செப்ரெம்பரிலேயே மூடியாச்சு. தபாற்காரியின் வண்டியோ? துணி காயவைக்கிற மெசினோ? அதைப் போட்டுப் பார்த்தார், அசையவில்லை. வீட்டுச் சூடு போட்டாகிவிட்டதே, அதனாலோ? கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். அஞ்சலீனா வேர்த்து, பிறகு நடுங்கி, கடைசியிலே கேட்டாள்:

"நீங்கள் சுகமாய்த்தானே இருக்கிறியள்?"

"லைன் விழுகுது."

"தெரியும். எல்லாம் சரிவரும்."

"என்னெண்டு சரிவரும்?"

அவள் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை வேலைக்கு இருக்கும்போதுதான் றெனோல்ட்டுக்கு ஒரு புத்தி வந்தது. பின்னேரக் கோப்பிக்குப் பதினைந்து நிமிசம் அவருடைய உரிமை. வழமையாய் நாலு மணிக்கு எடுப்பார். கொம்பியூட்டரிலே வேலையை மூடி வெளியே வந்துவிட்டால் அந்த நேரம் லைன் விழுந்தாலும் கணக்கிலே ஏறாது. மூன்று பத்துக்கு எடுத்தால் மூன்று இருபத்தைந்து வரைக்கும் லைன் தன்பாட்டிலே விழட்டும், தான் கண்ணாலே பார்க்கலாம். ஜோசியானிடம் கேட்டார். சரி என்றாள். ஆனால் இருபத்தைந்துக்குத் திரும்பி உள்ளே வராவிட்டால் அதுவும் விழுந்த கணக்குத்தான்.

மூன்று பத்துக்கு வெளியே வந்தார். கோப்பி குடிக்கவில்லை. கொம்பியூட்டருக்குப் பின்னாலே வயர் செருகுகிற இடத்திலே ஒரு கடுகளவு விளக்கு இருக்கும். அதற்கு முன்னாலே கதிரையை இழுத்துப் போட்டு, மீனுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி இருந்தார். பச்சை. பச்சை. மூன்று பதின்மூன்றுக்கு அது மஞ்சளாய் மாறியது. ஒருக்கால் துடித்தது. அணைந்தது.

வயரிலே பெருவிரலை வைத்துக்கொண்டு நடந்தார். சுவரோடு போய், கூரைப் பலகையிலே ஏறி, சூட்டுக் காற்றுக் குழாய்க்குப் பக்கத்தாலே மேலே போகிற இடம் வரைக்கும் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. படியைப் பிடித்துப் பிடித்து ஏறி முன்னறைக் கதவைத் திறந்தார்.

அறையின் மூலையிலே ஒரு சின்ன மேசை, அதிலே மடு மாதா சுருவம். முன்னாலே மெழுகுதிரி. அதற்கு முன்னாலே கார்ப்பெற்றிலே மூன்று பெண்கள் வரிசையாய் முழங்காலிலே. நடுவிலே அஞ்சலீனா. வலப்பக்கம் அவளோடு கர்க்லாண்டிலே முதியோர் இல்லத்துக் குசினியிலே வேலை செய்கிற துஷாந்தினி. இடப்பக்கம் இருவரையும் காரிலே ஏற்றி இறக்குகிற குணேஸ்வரி அக்கா. அவ சைவம், ஆனால் மாதாவுக்கும் அம்மனுக்கும் அவவிடம் வித்தியாசம் கிடையாது. மூன்று பேரும் உதடு மட்டும் அசையச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீட்டிலே சத்தம் கூடாதென்பது அவர் போட்ட கட்டளை. அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார்கள்.

அந்தக் கார்ப்பெற்றுக்குக் கீழேதான் அவர் வயரை ஒளித்திருந்தார்.

"எழும்புங்கோ" என்றார்.

ஒருவரும் எழும்பவில்லை. அஞ்சலீனா திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கிப் பொறு என்று காட்டினாள்.

"அஞ்சலி, நீங்கள் மூண்டு பேரும் என்ர வேலைக்கு மேலை ஏறி நிக்கிறியள்."

செபமாலையின் பத்து மணியிலே ஒரு மணியை முடித்துவிட்டு, அடுத்ததைத் தொடங்க முன்னர் அவள் சொன்னாள்: "உங்கட வேலைக்காகத்தான் நிக்கிறம். ஒன்பது நாள் நவநாள். இண்டைக்கு எட்டாம் நாள்."

"எதுக்கு நவநாள்?"

"லைன் விழாமல் இருக்க."

றெனோல்ட்டுக்கு வாயிலே அந்தச் சொல் வந்தது. மாதா சுருவம் நேரே பார்த்துக்கொண்டிருந்தபடியால் விழுங்கிவிட்டார்.

"எந்த நாளிலை இருந்து?"

"போன திங்கள்," என்றா குணேஸ்வரி அக்கா, மெல்லமாய். "சனி ஞாயிறு கோயிலிலை சொன்னனாங்கள். அதுக்கு முதல் அஞ்சலி, ஒக்ரோபர் செபமாலை மாதமெண்டு புதன்கிழமையிலை தனிய சொன்னவ, லைன் விழத் தொடங்கினாப் பிறகு அதுக்காகவும். ஒராளாய்ச் சொல்லிக் கேக்கேல்லை எண்டுதான் தம்பி எங்களைக் கூப்பிட்டவ."

சுவர் மணிக்கூட்டிலே மூன்று பதினாறு. இனி ஒன்பது நிமிசம். றெனோல்ட் குனிந்து கார்ப்பெற்றின் ஓரத்தைத் தூக்கினார். இடுப்பு கத்தியது. வயர் தரையிலே இருந்து கீழே இறங்குகிற இடத்திலே சூட்டுக் காற்று வருகிற இரும்புச் சல்லடை. அதன் விளிம்பு கத்தி மாதிரி. பெண்கள் முழங்கால் போடும்போது கார்ப்பெற் முன்னாலே இழுபட, அதோடு வயரும் இழுபட்டு, சல்லடை விளிம்பு அதை அறுத்திருக்கிறது. தோல் உரிந்து உள்ளே செப்புக் கம்பி மினுங்கியது. எழும்பிப் போனால் வயர் தளர்ந்து அறுந்த நரம்புகள் மறுபடி முட்டிக்கொள்ளும், லைன் வரும். டனிஸ்ரன் சனிக்கிழமை சோதித்தபோது எட்டு விளக்கும் எரிந்ததிலே என்ன அதிசயம், அன்றைக்கு ஒருவரும் முழங்காலிலே நிற்கவில்லை.

இந்த வயரை இனி நம்பேலாது. பன்னிரண்டு படி இறங்கினார். ஆழ்குளிர்ப் பெட்டிக்கு மேலே கிடந்த நீலச் சுருளைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு படி ஏறினார். ஒரு நுனியை மொடெத்திலே செருகினார். மொடெம் சுருவ மேசைக்கு அந்தப் பக்கம், படி இந்தப் பக்கம். சுற்றிக் கொண்டுபோக நேரமில்லை.

"துஷாந்தினி, காலைத் தூக்கும்."

அவள் செபத்தை விடாமல் வலது முழங்காலைத் தூக்கினாள். வயரைக் கீழாலே விட்டார். இடது முழங்காலைத் தூக்கினாள். அடுத்தது அஞ்சலீனா. அவள் தூக்கும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது, புருசனுக்கும் சேர்த்துச் சொல்லுகிற மாதிரி.

"அக்கா."

"எனக்கு ஒரு கால் மட்டும் தனியத் தூக்கேலாது தம்பி, ஆர்த்திறிற்றிஸ். பின்னாலை விடும்."

பின்னாலே விட்டார். மிச்சச் சுருளைப் படியிலே உருட்டிவிட, அது தட்டுத் தட்டாய் விழுந்து பேஸ்மென்ற் வாசலிலே போய்க் கிடந்தது. பின்னாலே இறங்கி, பழைய வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு இதைச் செருகினார். விளக்கு மஞ்சளாய் எரிந்தது. றெனோல்ட் அதை முறைத்தார். பச்சை.

கடவுச்சொல்லை அடித்தார், பிழை என்றது. ஒவ்வொரு எழுத்தாய்ப் பார்த்து மறுபடி அடித்தார். மூன்று இருபத்து நாலுக்கு உள்ளே போனார். போன கையோடு காதிலே மணி அடித்தது. லொங்குய்யிலே ஒரு மனிதன், ரிக்கெற் நனைந்துவிட்டதாம், மெசின் எடுக்குதில்லையாம்.

"போன்ஜூர்," என்றார் றெனோல்ட், மூச்சு வாங்க.

"உங்களுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டான் அந்த மனிதன்.

கேற்றைத் தூக்கிவிட்டார்.

ஐந்தரைக்குச் சாப்பாட்டு நேரம். அஞ்சலீனா கோப்பையோடு கீழே வந்தாள். படி முழுக்க நீல வயர் கிடந்ததாலே ஒவ்வொரு காலாய் வைத்து வந்தாள்.

"ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

"சொன்னால் விட்டிருப்பியளே? லைனுக்கும் மாதாவுக்கும் என்ன சம்பந்தமெண்டு குதிச்சிருப்பியள்."

"இப்ப சம்பந்தம் தெரியுதுதானே. நீங்கள் முழங்கால் போடப் போட லைன் விழுந்தது."

"நாங்கள் போட்டபடியால்தான் பிழை எங்கையெண்டு தெரிஞ்சது. இல்லாட்டி நீங்கள் இன்னும் மொடெத்தோடை சண்டை பிடிச்சுக்கொண்டு இருப்பியள். எட்டாம் நாள் மாதா கண்ணிலை காட்டியிருக்கிறா."

"வேலை போகப் பாத்தது அஞ்சலி."

"போகேல்லைதானே."

றெனோல்ட் சோற்றைப் பிசைந்தார். சொல்ல இரண்டு மறுமொழி இருந்தது. ஒன்று, நீங்கள் நிற்காவிட்டால் வயர் அறுந்தேயிராது. மற்றது அவருக்கே எதிரானது: சல்லடை விளிம்பிலே வயரைக் கொண்டுபோய் வைத்தது ஆர்? டனிஸ்ரன் மாற்றச் சொன்னபோது மாட்டேன் என்றது ஆர்? முதலாவதைச் சொன்னால் இரண்டாவதை அவள் கேட்பாள். மீனிலே முள்ளெடுக்கிற வேலையைப் பார்த்தார்.

"நாளைக்கும் மூண்டு மணிக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஒன்பதாம் நாள். விடேலாது."

"சுருவத்தை மற்ற மூலைக்கு மாத்தினால் என்ன?"

"வயரை மாத்துங்கோ."

அடுத்த நாள் காலமை, வேலைக்கு முதல், றெனோல்ட் மொடெத்துக்கு நேர் கீழே தரையிலே துளை போட்டு, நீல வயரை அதற்குள்ளாலே இறக்கினார். கார்ப்பெற் பக்கமே போகவில்லை. வயர் பளிச்சென்று வெளியே தெரிந்தது. றொஷினி பார்த்துவிட்டு, "இது வடிவில்லை அப்பா" என்றாள். கிடக்கட்டும் என்றார். மூன்று மணிக்கு மேலே மூன்று சோடிச் சப்பாத்துகள் கழற்றுகிற சத்தம் கேட்டது. இப்போது கேட்கவேண்டும் என்று இருந்ததாலே கேட்டது. மூன்று பதின்மூன்று. பதினைந்து. ஒரு கண் கமராவிலே, ஒரு கண் விளக்கிலே. அந்த அரைமணித்தியாலத்திலே ஏழு பேரை வெளியே விட்டார். இரண்டு பேர் பொய் சொன்ன மாதிரித்தான் இருந்தது. விசாரிக்கவில்லை.

மாதம் எட்டோடு முடிந்தது. ஜோசியான் எழுதியிருந்தாள், வேலை இருக்கும், ஆனால் இன்னும் மூன்று மாதம் லைனைக் கவனித்துக்கொண்டிருப்போம் என்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவிலே, பெற்ற நன்மைக்கு நன்றி என்று சனம் எழுதிக் கொடுத்த துண்டுகளைச் சுவாமியார் வாசித்தார். ஒருவருக்குச் சத்திர சிகிச்சை சுகமாய் முடிந்ததாம், இன்னொருவருக்கு விசா. மூன்றாவது துண்டை வாசிக்க முன்னர் அவர் ஒருக்கால் கண்ணாடியைச் சரிபண்ணினார். "கணவருடைய இன்ரநெற் இணைப்பை உறுதிப்படுத்தித் தந்த மடு மாதாவுக்கு நன்றி. இல்-பிசார் குடும்பம்."

கோயிலிலே சிரிப்புச் சத்தம் எழும்பவில்லை, ஆனால் தலைகள் திரும்பின. அந்தத் தீவிலே இருந்து அந்தக் கோயிலுக்கு வருகிற குடும்பம் ஒன்றே ஒன்றுதான். றெனோல்ட் முன் வாங்கின் முதுகுப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலீனா நிமிர்ந்து இருந்தாள்.

வெளியே கார் தரிப்பிடத்திலே டனிஸ்ரன் பிடித்துக்கொண்டான். கதை முழுவதும் அவனுக்குத் துஷாந்தினி மூலம் போய்ச் சேர்ந்திருந்தது.

"அண்ணை, வயர் என்ர. துண்டிலை என்ர பேரைக் காணேல்லை."

"நீ மாத்தச் சொன்னது சரிதான்," என்றார் றெனோல்ட். அதைச் சொல்ல ஒரு கிழமை எடுத்திருந்தது. சொன்னபிறகு இன்னும் எரிச்சல் வந்தது. "அதுக்காகப் பூசையிலை வாசிக்கோணுமோ? போ தம்பி, போய் அலுவலைப் பார்."

திங்கட்கிழமை ஒரு மணிக்குக் கீழே இறங்கி ஹெட்செற்றை மாட்டினார். புது மாதம். விழுந்த கணக்கு பூச்சியம் என்று கொம்பியூட்டர் காட்டியது. லொங்குய்யிலே ஒரு பெண் கேற்றுக்கு முன்னாலே நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தாள்.

"போன்ஜூர்," என்றார் றெனோல்ட். "அடிக்காதையுங்கோ, மடாம். கேக்குது."

இரண்டாவது பாதி தமிழிலே வந்துவிட்டது. அவளுக்கு விளங்கியதோ இல்லையோ, ஹோர்ன் நின்றது.